பிராக் நகரில் ஒரு கூடுதல் மணி நேரம்

"மக்ரூன் உடையாம வந்துச்சா?"

ஐந்து வருடம் கழித்து விமான நிலையத்தில் என்னைப் பார்த்த என் சிநேகிதி கேட்ட முதல் கேள்வி இதுதான். எப்படி இருக்கிறாய் என்பதெல்லாம் பிறகுதான். தூத்துக்குடி மக்ரூனை ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு உடையாமல் கொண்டு போவது லேசான காரியமில்லை. டப்பாவுக்குள் டப்பா வைத்து, நடுவில் என் இரண்டு புடவைகளைச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு துபாய் வழியாகப் பறந்திருந்தேன். திறந்து பார்த்தால் பாதி முழுசு, பாதி மாவு. அந்த மாவையும் அவள் விடவில்லை. டிராமில் உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டே வந்தாள். எதிரே இருந்த செக் பாட்டி ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்று கொடுத்தோம்.

மக்ரூன் டப்பா மடியில் இருந்தது என்றால், என் கைப்பைக்குள் இன்னொன்று இருந்தது. ஒரு ஜெபமாலை. அதைப் பற்றி நான் அன்று வாய் திறக்கவில்லை.

நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். அவள் ஊர் மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்றும் அதன் மேல் சிலுவைக் கோயிலும் உள்ள ஊர். விடுமுறைக்கு அவளோடு போவேன். வீடு முழுக்க மீன் வாசனை. நான் சைவம். முதல் முறை போனபோது அவள் அம்மா ஒரு மண்சட்டியை எடுத்துக் காட்டி, "உனக்குன்னு புதுசா வாங்குனது. இதுல மீன் வைக்க மாட்டேன், பயப்படாதே" என்றார்கள். நான் போகாத நாட்களில் அந்தச் சட்டி அடுப்படிப் பரணில் கவிழ்ந்தே இருக்குமாம்.

2002-ல் கணவருக்கு வேலை கிடைத்து அவள் பிராக் போனாள். போய் இறங்கிய ஆகஸ்ட் மாதமே வல்டாவா ஆற்றில் பெருவெள்ளம். மெட்ரோ ரயில் சுரங்கங்களில் தண்ணீர் புகுந்து பல நிலையங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய காஸ்டன் என்ற கடல் சிங்கம் ஆற்றோடு நீந்தி ஜெர்மனி வரை போய்விட்டது. பிடித்தார்கள், ஆனால் பிழைக்கவில்லை. அவளுடைய முதல் கடிதம் முழுக்கக் காஸ்டன்தான். 'அதுவும் என்னை மாதிரி வழி தெரியாமல் போயிருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

இப்போது அவள் வீடு ஜிஷ்கோவ் என்ற பகுதியில். பழைய உழைப்பாளர் குடியிருப்பு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் 216 மீட்டர் உயர டிவி கோபுரம் தெரிகிறது. அதன் தூண்களில் பெரிய பெரிய குழந்தைச் சிலைகள் தவழ்ந்து ஏறிக்கொண்டிருக்கின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூக்கும் கண்ணும் இல்லை, பட்டை பட்டையாகக் கோடுகள். டேவிட் செர்னி என்ற சிற்பியின் வேலையாம். முதல் நாள் காலை காபியோடு அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. "ஒரு வாரத்துல பழகிரும்" என்றாள். பழகிவிட்டது.

அடுப்பில் ஒரு வாணலி இருந்தது. புத்தம் புதுசு, அடியில் விலைச் சீட்டு கூட உரிக்கவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கைப்பையில் இருந்தது அந்த நிமிடத்திலிருந்து இரண்டு மடங்கு கனத்தது.

நேரம் மாறிப் போனதால் மறுநாள் விடியும் முன்பே இருவரும் விழித்துவிட்டோம். "கூட்டம் வரதுக்கு முன்னால பாலத்துக்குப் போயிருவோம்" என்று கிளப்பினாள். நல்ல யோசனை. பத்து மணிக்கு மேல் சார்லஸ் பாலத்தில் நம் ஊர்த் தேரோட்டக் கூட்டம். ஆறரை மணிக்கு நாங்கள், பனி, நாயோடு நடக்கும் இரண்டு பேர், கல்யாண உடையில் போட்டோ எடுக்க வந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சீன ஜோடி. அவ்வளவுதான்.

நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ல் தொடங்கிய பாலம். 16 வளைவுகள், அரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். அடிக்கல் நாட்டிய நேரத்தை ஜோசியர்கள் குறித்தார்கள் என்று ஒரு கதை உண்டு: 1357, 9-ம் தேதி, 7-ம் மாதம், 5 மணி 31 நிமிடம். எண்களை வரிசையாக எழுதினால் 135797531. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். நல்ல நேரம் பார்ப்பதில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

பாலத்தின் இரு கைப்பிடிச் சுவர்களிலும் சேர்த்து 30 சிலைத் தொகுதிகள். அரசனின் கோபத்துக்கு ஆளாகி 1393-ல் ஆற்றில் எறியப்பட்ட நெபோமுக் யோவான் சிலைக்குக் கீழே உள்ள பித்தளைத் தகட்டைத் தொட்டால் மறுபடி பிராக் வருவோம் என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டே அது தங்கம் போல மின்னுகிறது. நானும் தொட்டேன். அவள் தொடவில்லை. "நான் மறுபடி வர்றதுக்கு எங்க போனேன்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு என்னை ஒரு சிலைக்கு முன்னால் நிறுத்தி, "யாருன்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

கையில் சிலுவையை உயர்த்திய ஒரு துறவி. கீழே அவரைத் தோளில் தாங்குகிற பல நாட்டு மனிதர்கள், ஞானஸ்நானம் பெற முழந்தாளிட்ட ஒரு கீழைநாட்டு இளவரசன். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஏட்டி, எங்க ஊரு சவேரியாருட்டி!"

பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் கற்றுக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். அவர் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை மணப்பாட்டில் கடலைப் பார்த்து இருக்கிறது. அதற்குள் அவள் அம்மாவோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சவேரியார் இங்கே, பனி மூடிய ஆற்றின் மேல் நிற்கிறார். பிரோகாஃப் என்ற சிற்பி 1711-ல் செதுக்கியது. 1890 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் உடைந்தபோது சிலையும் ஆற்றில் விழுந்தது. இப்போது நிற்பது 1913-ல் வைத்த நகல்.

"வந்த புதுசுல மனசு சரியில்லன்னா இங்கதான் வருவேன். இந்த ஊர்ல மணப்பாட்டைத் தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான்" என்றாள்.

ஜெபமாலையைக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. கைப்பையின் ஜிப்பைக் கூடத் திறந்துவிட்டேன். ஆனால் எடுத்தது கைக்குட்டையை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜிப்பை மூடினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதக் கடைசி. இரண்டாம் அலை, ஊரடங்கு. அவள் அம்மா மணப்பாட்டில் வீட்டிலேயே இறந்து போனார்கள். கொரோனா இல்லை, இதயம். அவளால் வர வழியில்லை. இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். "எனக்குப் பதிலா நீ போய் நில்லு. ஒரு பிடி மண்ணு நீ போட்டா நான் போட்ட மாதிரி." திருநெல்வேலியில் என் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டர் இருக்கும். என் மாமியார் ஆஸ்துமாக்காரர். எங்கள் தெருவில் அந்த வாரம் மட்டும் மூன்று சாவு. மறுநாள் காலை அவளிடம், "மாவட்டம் தாண்ட இ-பாஸ் போட்டேன், கிடைக்கலடி" என்றேன்.

நான் விண்ணப்பிக்கவே இல்லை.

அதன் பிறகு பேசாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு, பொங்கலுக்கு வாழ்த்து, பிள்ளைகள் போட்டோ, கட்டைவிரல் படம். அந்த வகைப் பேச்சு. நான் ஓய்வு பெற்றதும் அவளே, "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் அனுப்பினாள். கிளம்பும் முன் அவள் அண்ணன் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து ஜெபமாலையைக் கொடுத்தார். "கடைசி வரைக்கும் அம்மா கையில இருந்தது. தபால்ல அனுப்ப மனசில்லம்மா."

அன்று பகலில் பழைய நகர சதுக்கத்துக்குப் போனோம். 1410-லிருந்து ஓடுகிற வானியல் கடிகாரம் அங்கேதான். மணி அடிக்கும் நேரத்தில் கீழே நிற்கும் அத்தனை கைகளிலும் போன் உயர்கிறது. ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, இரண்டு ஜன்னல்களில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், கடைசியில் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடம் கூட இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு கலைகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கீழே உள்ள வட்டத்தை. சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் என்று அது காட்டுகிறது. வெளிச்சுற்றில் பழைய செக் மணி. சூரியன் மறைந்ததிலிருந்து 24 மணியை எண்ணுகிற கணக்கு. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து. ஒரே முகப்பில் இரண்டு விதமான நேரத்தையும் வைத்துக்கொண்டு கடிகாரம் குழம்பாமல் ஓடுகிறது.

கோட்டையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் விடுகிறேன். 1344-ல் தொடங்கிய புனித விட்டஸ் பேராலயத்தை 1929-ல்தான் முடித்தார்கள் என்பதை மட்டும், வீடு கட்டிப் பாதியில் நிற்கும் என் தம்பிக்காகச் சொல்லி வைக்கிறேன். சாப்பாட்டில், சைவக்காரர்களுக்கு ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த சீஸ் கிடைக்கும். முதல் நாள் ருசி, மூன்றாம் நாள் அலுப்பு. தெருவுக்குத் தெரு கம்பியில் சுற்றிச் சுடும் 'ட்ரெடெல்னீக்' என்ற இனிப்பை அவள் வாங்க விடவில்லை. "இது இந்த ஊர்ப் பலகாரமே இல்ல, டூரிஸ்டுக்குன்னு வந்தது. வீட்டுல சொதி வச்சிருக்கேன், வா." டப்பாத் தேங்காய்ப் பாலில் வைத்த சொதி. எங்கள் ஊர் கல்யாண வீட்டு மறுவீட்டுச் சொதிக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

அது அக்டோபர் கடைசி சனிக்கிழமை. ஐரோப்பாவில் அன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். மூன்று மணி ஆகும்போது மறுபடி இரண்டு மணி. அவள் கணவர் தூங்கிவிட்டார். எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சமையலறையில் சுக்குக் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றானதும் அவள் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பினாள். "ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சிருக்கு. என்ன பேசுவோம், சொல்லு."

ஜெபமாலையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. பார்த்தாள். ஒரு மணி மட்டும் நிறம் வேறாக இருந்தது. எப்போதோ உதிர்ந்து, அம்மா வேறு மணியைக் கோத்திருக்கிறார்கள். அவள் விரல் நேராக அந்த மணிக்குப் போனது.

"இ-பாஸ் கிடைக்கலன்னு சொன்னேன்லா, அது பொய். நான் போடவே இல்ல" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"நாகர்கோவில்லேர்ந்து சித்தி மகன் வந்தானே. சாவுக்குன்னு போன்ல பதிஞ்சான், பத்து நிமிஷத்துல கிளம்பிட்டான். அன்னிக்கு மத்தியானமே தெரியும்."

நான்கு வருடமாகப் போகிறது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாமியார் ஆஸ்துமா, தெருவில் மூன்று சாவு என்று தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பயமா இருக்குடின்னு சொல்லியிருக்கலாம்ல? எனக்குப் புரியாதா? அண்ணன் பையன் வீடியோல காட்டுனான். பெட்டியை இறக்குற நேரம் சிக்னல் போச்சு. மறுபடி வந்தப்ப மண்ணை மூடிட்டாங்க. நீ அங்க இருந்திருந்தா, அந்த ரெண்டு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட கேட்டிருப்பேன். அவ்வளவுதான்."

"இன்னும் கோபமா?"

"போயிருச்சுன்னு சொன்னா பொய். கொஞ்சம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீ காபியைக் குடி, ஆறுது."

பிறகு விடியும் வரை அவள் அம்மாவைப் பற்றியே பேசினோம். அந்த மண்சட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அண்ணி அதில் துளசி வைத்திருக்கிறாளாம்.

அடுத்த நாட்களில் அவள் கொஞ்சம் குறைவாகவே பேசினாள். நானும் தொந்தரவு செய்யவில்லை. அவள் வேலைக்குப் போன ஒரு நாள் நான் தனியாக யூதர் பகுதிக்குப் போனேன். பின்காஸ் என்ற பழைய யூத ஜெபக்கூடம். உள்ளே சிலை இல்லை; சுவர் முழுக்கப் பெயர்கள். செக் நிலத்தில் நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள், குடும்பம் குடும்பமாக, தேதியோடு, கையால் எழுதியவை. அவர்களுக்குக் கல்லறை இல்லை. 1950-களில் எழுதிய பெயர்கள் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அழிக்கப்பட்டு, 1990-களில் மறுபடி எழுதப்பட்டன. மாலை வீட்டுக்கு வந்து சொன்னபோது, "அங்க போய்ட்டு வந்தா ரெண்டு நாளைக்கு நான் எதுக்கும் அழ மாட்டேன். நம்மளோடதை அதுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது" என்றாள்.

தமிழாசிரியையாக முப்பது வருடம் இருந்தவள் நான். கமில் சுவெலபில் இந்த ஊரில் பிறந்தவர் என்பதால் அவர் பாடம் சொன்ன சார்லஸ் பல்கலைக்கழகத்தை (1348-ல் தொடங்கியது) பார்க்காமல் திரும்ப மனமில்லை. 1968-ல் சோவியத் டாங்குகள் நகருக்குள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போனவர்களில் அவரும் ஒருவர். அதே பல்கலைக்கழகத்தின் இருபது வயது மாணவர் யான் பாலாக், அந்த ஆக்கிரமிப்புக்கு நாடு பழகிப் போவதைப் பொறுக்காமல் 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார். கலைப்புலக் கட்டடத்தின் சுவரில் அவர் முகம் இருக்கிறது. இறந்த முகத்தின் மேல் சிற்பி ஒருவர் எடுத்த அச்சு. அந்தக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கே இப்போது பாலாக் பெயர்தான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மணப்பாட்டில் அன்று மணலில் சிலுவைகளுக்கு நடுவே மெழுகுவத்தி எரியும். பிராக்கிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்கே போகாத செக்காரர்களும் அன்று கல்லறைக்குப் போகிறார்கள். டிராம் முழுக்கச் செவ்வந்திக் கொத்தும், சிவப்புக் கண்ணாடி விளக்குகளும். அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓல்ஷனி. 1680-ல் கொள்ளை நோயில் இறந்தவர்களைப் புதைக்கத் தொடங்கிய இடம். இன்று நகரத்தின் மிகப்பெரிய கல்லறைத் தோட்டம்.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. ஈர இலைகள் மேல் நடந்தோம். முதலில் பாலாக் கல்லறைக்குக் கூட்டிப் போனாள். இங்கே மக்கள் வந்து பூ வைத்துக்கொண்டே இருந்ததால், 1973-ல் ரகசியப் போலீசார் உடலைத் தோண்டி எடுத்து எரித்து, சாம்பலை அவர் அம்மாவிடம் அனுப்பிவிட்டார்களாம். அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு மூதாட்டியைப் புதைத்தார்கள். ஆட்சி மாறிய பின் 1990-ல்தான் சாம்பல் திரும்பி வந்தது. இன்று அங்கே கால் வைக்க இடமில்லாமல் விளக்குகள்.

தோட்டத்தின் நடுவே ஒரு பெரிய சிலுவை. அதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். "இது யாரோட கல்லறை?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல. தூரத்துல புதைச்சவங்களுக்கு, போக முடியாதவங்க இங்க ஏத்துவாங்க. நான் மூணு வருஷமா இங்கதான் வர்றேன்."

உக்ரைன்காரி போலிருந்த ஒரு இளம்பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வியட்நாமியக் குடும்பம் ஒன்று நின்றது. என் சிநேகிதி கோட்டுப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, விளக்கேற்றி வைத்து, தமிழில் முணுமுணுத்தாள். காற்றில் மூன்று குச்சி அணைந்தது, நாலாவது பிடித்தது. பிறகு தீப்பெட்டியையும் இன்னொரு விளக்கையும் என்னிடம் நீட்டினாள். நான் ஏற்றினேன். எனக்கு ஜெபம் தெரியாது. "அம்மா, நான் வரலை" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன்.

வாசலுக்கு வரும்போது அவள் என் கையைக் கோத்துக்கொண்டு, "ஊருக்குப் போனதும் ஒரு நாள் மணப்பாடு போய்ட்டு வா. இப்ப இ-பாஸ் கேக்க மாட்டாங்க" என்றாள். இருட்டில் முகம் தெரியவில்லை. குரலில் சிரிப்பு இருந்த மாதிரிதான் இருந்தது.

வந்த மறு வாரமே திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து மணப்பாடு. அவள் அண்ணன் கூட வந்தார். கடல் காற்றில் மணல் மேடேறிக் கல்லறையின் கால் பக்கம் மூடியிருந்தது. இருவரும் கையாலேயே தள்ளினோம். ஒரு பிடி மண்ணைப் போட்டேன். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிராக்கில் அப்போது காலை ஆறு மணி இருக்கும்.

உடனே பதில் வந்தது: 'சிலுவைக்குப் பெயிண்ட் உரிஞ்சிருக்கு. அண்ணன்ட்ட சொல்லு. சொன்னா செய்ய மாட்டாவ, நீ நின்னு அடிக்க வச்சுட்டு வா.'